ரிவால்வரா, பிஸ்டலா?

கடையநல்லூர் நண்பர் ஒருவர். சவூதியில் உழைத்துச் சம்பாதித்து, ஊருக்கு வெளியே தோப்புக்குள் வீடு கட்டியவர். "லைசென்ஸுக்கு எழுதிப் போடப் போறேன் அண்ணாச்சி. ரிவால்வர் வாங்கட்டா, பிஸ்டல் வாங்கட்டா?" என்றார்.

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! இருந்தாலும் விசாரித்தேன். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் சிக்கினால் மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கை நடுங்குகிறபோது நடக்கிற காரியமா?

பக்கத்துச் செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால்தான். ஆனால் அவர் சாகத் துணிந்து போனவர். நம்மவர் தூங்கப் போகிறவர்.

இரவில் வீடு உடைத்துப் புகுந்தவனைக் கொல்கிற அளவுக்குக்கூட சட்டம் தற்காப்பு உரிமை தருகிறது. தேவைக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. தேவையை அளப்பது யார்? தூக்கக் கலக்கத்தில், இருட்டில், நண்பரேதான். எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று இரண்டு துப்பாக்கியுமே சொல்லாது.

"எங்கே வைப்பீங்க?"

"பேரப்பிள்ளைக இருக்குல்லா, பீரோவுல பூட்டித்தான்."

"சாவி?"

"வீட்டுக்காரி இடுப்புல."

"அவங்க எந்திரிச்சுத் திறந்து தர்ற வரைக்கும் திருடன் காத்திருக்கணுமே!"

நண்பர் சிரிக்கவில்லை. "நீங்க டவுன்ல இருக்கிய அண்ணாச்சி. நான் கத்துனா கேக்க ஆளில்ல" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.