ஆறு இருந்த இடம்

புளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்கா 1971இல் திறந்தபோதே அதற்குள் ஓர் ஆறு ஓடியது. நீராவியில் துடுப்புச் சக்கரம் சுழல, படகு டாம் சாயர் தீவைச் சுற்றி வந்தது. தீவுக்குப் போக மிதவைதான் வழியாக இருந்தது. 2025 ஜூலையில் டிஸ்னி நிறுவனம் ஆறு, படகு, தீவு எல்லாவற்றையும் மூடி, அந்த நிலத்தை ‘கார்ஸ்’ திரைப்பட உலகத்துக்கு ஒதுக்கியது. ரசிகர்களின் வருத்தத்தை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் இடத்தின் உயிர் அதன் மண்ணிலும் மரத்திலும் இருக்கிறதா, அது மனிதருக்குத் தரும் மனநிலையில் இருக்கிறதா என்ற பழைய கேள்விதான் இங்கே எழுகிறது.

டிஸ்னிலேண்ட் பூங்கா ஒருநாளும் முழுமையடையாது என்று வால்ட் டிஸ்னியே சொன்னார். டாம் சாயரும் மார்க் ட்வைன் 1876இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தவன்தானே என்று கேட்பார்கள். இரண்டும் உண்மை. மாற்றத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாவலைப் படிக்காத குழந்தையும் தீவின் இருண்ட குகைக்குள் நுழைந்து தன் விளையாட்டைத் தானே கண்டுபிடித்தது. புகழ்பெற்ற படத்தின் உலகமோ பாத்திரத்தையும் உணர்ச்சியையும் முன்பே முடிவு செய்து நம் கையில் கொடுத்துவிடுகிறது. வேறொரு சவாரியை எங்கும் கட்டலாம். எதையும் கட்டளையிடாத வெளி ஒருமுறை போனால் திரும்புவது அரிது. அந்த வெளியில்தான் மனம் தன்னைச் சந்திக்கிறது. காக்க வேண்டியது அதையே.