நாமே கேட்டு, நாமே தலையாட்டினால்?

போன செமஸ்டரில் பல்கலைக்கழகக் கிளப் ஒன்றுக்கு நான் பொருளாளர். விழா முடிந்து 600 ரிங்கிட் மிச்சம். செயலவையில் நாங்கள் மூன்றே பேர். "நாமதானே ஓடி ஓடி வேலை செஞ்சோம், ஆளுக்கு 200 எடுத்துக்குவோம்டா" என்றான் ஒருவன். கூட்டக் குறிப்பில் "செயலவை ஏகமனதாக ஒப்புதல் அளித்தது" என்று எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரல. கிளப்பே சம்மதித்துவிட்டதே, பிறகு ஏன் உறுத்துகிறது?

நான் பொறியியல் மாணவன், சட்டம் படித்தவன் இல்லை. இருந்தாலும் தேடிப் பார்த்தேன். ஒருவர் வசமுள்ள பொருளை அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதுதான் திருட்டு என்கிறது மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 378ஆவது பிரிவு. நிறுவனம், சங்கம் எல்லாமே 'நபர்'தான் என்கிறது 11ஆவது பிரிவு. சிக்கலே இங்குதான். நிறுவனத்துக்கு வாய் கிடையாது. அதற்காகத் தலையாட்டுபவர்கள் இயக்குநர்கள். பணத்தை எடுப்பதும் அவர்களே என்றால்?

இங்கிலாந்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. தங்களுக்கே முழுக்கச் சொந்தமான நிறுவனங்களின் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததாக இருவர் மீது குற்றச்சாட்டு. பங்குதாரரும் அவர்களே, இயக்குநரும் அவர்களே. அப்படியானால் நிறுவனம் சம்மதித்ததாகத்தானே அர்த்தம்? 1982இல் சட்டத்துறைத் தலைவர் இந்தக் கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். எடுத்தவர்களின் சம்மதத்தையே நிறுவனத்தின் சம்மதமாகக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. நிறுவனம் வேறு, உரிமையாளர் வேறு என்று 1896இலேயே சாலமன் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. அதனால்தான் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் கடனில் மூழ்கினாலும், கடன் கொடுத்தவர் முதலாளியின் வீட்டைச் சுலபமாகத் தொட முடியாது. கடன் வந்தால் "அது வேற, நான் வேற." பணம் எடுக்கும்போது மட்டும் "அதுவும் நானும் ஒண்ணு." ஒரே வாயால் இரண்டையும் சொல்லலாமா?

அதற்காகச் சொந்த நிறுவனத்தில் பணம் எடுக்கும் எல்லாரும் திருடர்கள் இல்லை. கடன்காரருக்கு உரியதை ஒதுக்கிவிட்டு, சம்பளம், லாபப் பங்கு என்று கணக்கில் வெளிப்படையாகக் காட்டி எடுப்பவரிடம் நேர்மையற்ற எண்ணம் எங்கே இருக்கிறது?

"சிவன் சொத்து குலநாசம்" என்று நம் வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. இந்தியச் சட்டத்திலும் கோயில் மூர்த்தி ஒரு சட்ட நபர். 1925இல் பிரிவி கவுன்சிலும் இதை ஏற்றுப் பேசியது. சாமி வாய் திறந்து "எடுத்துக்கோ" என்று சொல்லப் போவதில்லை. அவருக்காகப் பேசுவது அறங்காவலர். சொத்தைக் காப்பாற்றத்தான் அந்த உரிமை அவருக்குத் தரப்பட்டது, தனக்குத் தானே தானம் செய்துகொள்ள இல்லை.

எங்கள் 600 ரிங்கிட்டும் அப்படித்தான். அது சந்தா கட்டிய உறுப்பினர்களின் பணம், அடுத்த வருஷம் வரப்போகும் ஜூனியர்களின் பணம். அவர்களில் யாரும் அந்த அறையில் இல்லை. நான் என் 200ஐத் திருப்பிக் கட்டி, உறுப்பினர் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒரு நண்பனும் கட்டிவிட்டான். இன்னொருவன் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது.

நண்பர்களே, நாளை நீங்களும் ஏதாவது ஒரு செயலவையில் உட்காருவீர்கள். 'ஏகமனதாக' என்று எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர் இந்த அறையில் இருக்கிறாரா?