விதி எந்த ஷிப்டில் வந்தது?

உங்கள் சுண்டு விரலுக்கு என்ன மதிப்பு? யோசிக்க வேண்டாம், சட்டம் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறது. சட்டத்தின் தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணைப்படி, சுண்டு விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 7 போனதாகக் கணக்கு. நடுவிரலுக்கு 12, ஆள்காட்டி விரலுக்கு 14, கட்டை விரலுக்கு 30. எலும்பு தப்பி, சுண்டு விரலின் நுனி மட்டும் துண்டானால் 2. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 7 சதவீதத்துக்கு அவருக்குக் கிடைப்பது மாதம் ஏறத்தாழ 945 ரூபாய், ஆயுள் முழுவதும்.

இதைக் கொடூரம் என்று திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. சட்டம் விரலை எண்ணவாவது செய்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "தலைக்கு வந்தது விரலோடு போச்சு" என்கிறோம். "ஏழரைச் சனி, ஜோசியர் அப்பவே சொன்னார்" என்கிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருப்பவரிடம் ராசி என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. மெஷின் எது என்று கேட்கிறவர் யார்?

நாம் கேட்போம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில், பெரிய கார் ஆலைகளின் பின்னால் உதிரி பாகம் செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. அங்கே பவர் பிரஸ் ஓடுகிறது. தகட்டை டை என்ற அச்சில் வைத்து ஒரே அடியில் வெட்டும், வளைக்கும் இயந்திரம் அது. தகட்டை வைக்கக் கை உள்ளே போக வேண்டும். மேல் டை இறங்கும்போது கை வெளியே இருக்க வேண்டும். பிரச்சினை அவ்வளவுதான். அதற்குத் தீர்வும் எப்போதோ வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று வைக்கலாம். ஒளித்திரை பொருத்தினால், கை குறுக்கே வந்ததும் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் பழைய கீ கிளட்ச் பிரஸ் இறங்கத் தொடங்கினால் நடுவில் நிற்காது. அதில் ஒளித்திரை வெறும் அலங்காரம். கிளட்ச் தேய்ந்திருந்தால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் தானாக இன்னொரு முறை இறங்கும். அந்த இரண்டாவது அடியில்தான் விரல் போகிறது.

இப்போது சொல்லுங்கள். ஒரு பட்டனைக் கம்பியால் கட்டிவிட்டு, மற்றொன்றை மட்டும் அழுத்தினால் மணிக்குக் கூடுதல் பீஸ் வரும் என்று கண்டுபிடித்தது சனி பகவானா? ஸ்பிரிங் போன கிளட்சை "மாசக் கடைசி டெஸ்பாட்ச் முடியட்டும்" என்று தள்ளிப் போட்டது ராகுவா? விதி எந்த ஷிப்டில் வந்தது? கேட்டில் கையெழுத்துப் போட்டதா? வாகன உதிரி பாகத் தொழிலில் நடக்கும் விபத்துகளைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. ஹரியானாவில் கை நசுங்கியவர்களைக் கேட்டு எழுதிய அந்த அறிக்கைகளில் முதல் குற்றவாளி பவர் பிரஸ்தான். எத்தனையோ இயந்திரங்கள் இருக்க, விதிக்கு இதன் மேல் மட்டும் ஏன் இத்தனை பிரியம்?

ஆயுத பூஜை அன்று அதே பிரஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம். வாசலில் பூசணிக்காய் உடைபடுகிறது. மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்கு வருகிறவரின் பைக் அந்தச் சிதறலில் வழுக்கினால் முழங்காலோ மணிக்கட்டோ உடைகிறது. திருஷ்டி கழிக்கப் போய் எலும்பு முறிவைச் சம்பாதிக்கிறோம். கும்பிடுகிறவரை நான் தடுக்கவில்லை, அது அவர் உரிமை. பொட்டு வைக்க இயந்திரத்தின் அருகில் போனீர்களே, அங்கே தடுப்பு இருந்ததா என்று பார்த்தீர்களா? அதை மட்டும்தான் கேட்கிறேன்.

பகுத்தறிவாளர்களே, நீங்கள் சிரிக்க வேண்டாம். சாமி கும்பிடாத மேலாளரிடமும் ஒரு விதி இருக்கிறது. விசாரணை அறிக்கையில் அதன் பெயர் 'ஆபரேட்டர் மிஸ்டேக்'. சனியைப் போலவே அதுவும் எல்லாவற்றையும் விளக்கும், யாரையும் கூண்டில் ஏற்றாது. அதற்கும் திருவிழா உண்டு. ஆண்டுதோறும் மார்ச் 4 பாதுகாப்பு தினம். உறுதிமொழி, பேட்ஜ், கட்டுரைப் போட்டி. வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. அந்த எண்ணைக் காப்பாற்ற, நசுங்கிய விரலோடு வந்தவரைச் சொந்த விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினால், அந்தப் பலகைக்கும் பூசணிக்காய்க்கும் என்ன வித்தியாசம்?

"தடுப்பைக் கழற்றியது தொழிலாளிதானே?" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், சில நேரம் அவரேதான் கழற்றுகிறார். ஏன் கழற்றினார்? தடுப்போடு ஓட்டினால் எட்டாத டார்கெட்டை அவருக்கு வைத்தது யார்? ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, காண்ட்ராக்டில் ஹெல்பராகச் சேர்ந்து, மறு வாரமே பெடலில் கால் வைக்கிறவர் "மாட்டேன்" என்று சொன்னால் அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்குமா? மறுக்க முடியாதவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதுவது நேர்மையா? சட்டத்துக்கு இதில் குழப்பமே இல்லை. பிரிட்டன் 1844இலேயே ஆலை இயந்திரங்களுக்கு வேலி போடச் சொல்லிச் சட்டம் செய்தது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இயந்திரம் ஓடும்வரை தடுப்பு அதன் இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம், ஆலையை நடத்துகிறவரின் கடமை மாறாது.

2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இளம்பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கினார். மருத்துவமனைக்குக் கொண்டு போயும் பிழைக்கவில்லை. இயந்திரத்தை உடைத்து அவரை எடுக்கச் சொன்னோம், விலை உயர்ந்தது என்று தயங்கினார்கள் என்பது சக தொழிலாளர்கள் அன்று வைத்த குற்றச்சாட்டு. நான் அதற்குத் தீர்ப்பு எழுதவில்லை. ஆலையே 2014இல் மூடப்பட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு வயதாகவில்லை. இன்று ஒரு கை சிக்கினால், மேலிடத்துக்குப் போன் போடாமல் இயந்திரத்தை உடைக்க உங்கள் லைனில் யாருக்கு அதிகாரம்? பெயர் சொல்ல முடியுமா?

"இப்போதான் மருத்துவம் வளர்ந்துவிட்டதே, ஒட்ட வைத்துவிடலாம்" என்ற ஆறுதலும் உண்டு. வளர்ந்திருக்கிறது. 1965இல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் துண்டான கட்டை விரலை நுண்ணோக்கியின் உதவியோடு ஒட்டினார்கள். நம் ஊரிலேயே, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்தார். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நேராக ஐஸில் போடக் கூடாது. ஆனால் ரத்தக் குழாயைத் தைக்க, தைப்பதற்குக் குழாய் மிச்சமிருக்க வேண்டுமே! கத்தியில் அறுந்த விரலுக்கு வாய்ப்பு அதிகம். பிரஸ்ஸில் நசுங்கிய விரலில் பல நேரம் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

அறிவு எப்படி வேலை செய்யும் என்பதையும் எலும்பு மருத்துவமே காட்டுகிறது. எலும்பு உடைந்து, தோல் கிழிந்து, தசை சிதைந்த காலோடு ஒருவர் வருகிறார். காலைக் காப்பதா, எடுப்பதா? கோவை கங்கா மருத்துவமனையின் ராஜசேகரன், ராஜா சபாபதி குழுவினர் இதைக் கடவுள் விட்ட வழி என்று விடவில்லை. தங்கள் கைராசி என்றும் மார்தட்டவில்லை. தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றின் சேதத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். நோயாளியின் மற்ற பாதகமான நிலைகளுக்குத் தலா 2 சேர்த்தார்கள். 109 கால் காயங்களைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் வகுத்த வழி இது: 14 வரை என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டும். 15, 16 வந்தால்? அங்கே எண் போதாது, மருத்துவர் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாத இடத்தை இதுதான் என்றும் சொல்லும் நேர்மை அது. ஒரு காலுக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க முடிகிறது. அந்தக் காலை உடைத்த காரணத்துக்கு மட்டும் கணக்கு எழுதக் கை வராதா?

டாக்டர், உங்களிடமும் ஒரு கேள்வி. ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு போடும்போது எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுகிறீர்களே, யார் சொன்னதை எழுதுகிறீர்கள்? அடிபட்டவர் சொன்னதையா, கூட வந்த சூப்பர்வைசர் சொன்னதையா? 'வேலையில் பவர் பிரஸ்ஸில் சிக்கி' என்பதற்கும் 'பைக்கிலிருந்து விழுந்து' என்பதற்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் ஆயுள் கால உதவித்தொகை இருக்கிறது. கம்பியும் பிளேட்டும் வைத்து எலும்பைச் சேர்ப்பது உங்கள் திறமை. அந்த ஒரு வரியை உண்மையாக எழுதுவது உங்கள் நேர்மை.

மேலே ஒருவர் இருக்கிறார், எல்லாக் கணக்கையும் அங்கே தீர்த்துவிடுவார் என்று நம்புகிறவருக்கு ஒரு வசதி உண்டு: காத்திருக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. போன விரல் எந்த உலகத்திலும் திரும்ப முளைக்காது. தண்டனையோ பரிகாரமோ, இங்கே மனிதர்கள் செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனவே வேலையைப் பிரித்துக்கொள்வோம். முதலாளி நிற்காத கிளட்சை மாற்றட்டும். சூப்பர்வைசர் கட்டிய கம்பியை அவிழ்க்கட்டும். இன்ஸ்பெக்டர் ஆபீஸ் அறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பாமல் லைனுக்குப் போகட்டும். பெரிய ஆலை, தனக்குப் பாகம் செய்து தரும் பட்டறையின் விலையைப் பார்ப்பதுபோல் அங்கே வேலை செய்கிறவர்களின் விரல்களையும் பார்க்கட்டும். "இந்த மெஷினை ஓட்ட மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால், பக்கத்து மெஷின்காரரும் எழுந்து நிற்கட்டும். இதில் எது உங்கள் வேலை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் செய்யாவிட்டால், அடுத்த விபத்தின் காரணங்களில் நீங்களும் ஒருவர்.