பசிக்கு இடம்

மூக்கு வழியாக இரைப்பைவரை போகும் மெல்லிய குழாய். அது நழுவாமலிருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி. அம்மா உயர்த்திப் பிடித்த சிரிஞ்சிலிருந்து பால் மெல்ல இறங்குகிறது. குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வயிறு நிறைந்துவிட்டது, நாக்குக்குச் சேதி போகவில்லை.

*

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடக்கும் பக்குவம் கருவின் 34ஆவது வாரத்தை ஒட்டித்தான் கூடிவருகிறது. அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குக் குழாயே கதி. 32 வாரத்தை எட்டியவர்களுக்கு நம் மருத்துவமனைகளில் செவிலியர் பாலாடையால் புகட்டுகிறார்கள். பாட்டிமார் பரணில் வைத்திருந்த பாலாடை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இடம்பிடித்திருப்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் இப்படியே தாய்ப்பாலுக்கு வந்துவிடுகிறார்கள்.

சிலர் வருவதில்லை. இதயக் குறை, உணவுக்குழாய்க் குறை, நரம்புக் கோளாறு என்று காரணங்கள் பல. மாதங்கள் வருடங்களாகும்போது வயிற்றிலேயே சிறு துளையிட்டுக் குழாய் பொருத்துவார்கள். வயிற்றை அறுத்துத் திறக்காமல், எண்டோஸ்கோப்பியின் துணையோடு அதை முதன்முதலில் செய்தது 1979இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். கௌடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள், ஒரு கைக்குழந்தைக்கு. எத்தனையோ உயிர்களைக் காத்த குழாய் அது. அதைப் பழித்து ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.

*

குழாயில் வளர்ந்து, ஸ்பூனைக் கண்டதும் முகத்தைத் திருப்பும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை. அந்த வாய்க்கு இதுவரை என்னென்ன வந்து சேர்ந்திருக்கிறது? செயற்கைச் சுவாசக் குழாய், சளி உறிஞ்சும் குழாய், பிளாஸ்திரி உரியும் எரிச்சல், அடிக்கடி வாந்தி. முகத்தை நோக்கி வந்த கைகளில் பல, வலியோடு வந்தவை. ஸ்பூன் பிடித்த கையை மட்டும் அது எப்படி வேறாக அறியும்?

*

இன்னொன்று பசி. மணிக்கணக்குப்படி பால் இறங்கிவிடுவதால் பசிக்க நேரமே கிடைப்பதில்லை. இரவெல்லாம் பம்ப் ஓடினால் காலையிலும் வயிறு கனமாகவே இருக்கும். வாயில் போட்டு விழுங்கினால் பசியின் வேதனை தணியும் என்பதை இந்தப் பிள்ளை எங்கிருந்து கற்கும்?

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில், மருத்துவர்கள் மார்கரித் டூனிட்ஸ்-ஷீரும் பீட்டர் ஷீரும் இங்கிருந்துதான் தொடங்கினார்கள். குழாய் உணவைக் கவனமாகக் குறைத்துப் பசிக்கு இடம் கொடுத்தார்கள். தரையில் உணவைப் பரப்பி, பிள்ளைகளை நடுவில் விட்டார்கள். பெரியவர்களும் உடன் அமர்ந்து சாப்பிடலாம். யாரும் யாருக்கும் ஊட்டக் கூடாது. பிசையலாம், எறியலாம், தலையில் பூசிக்கொள்ளலாம். ‘விளையாட்டுப் பிக்னிக்’ என்று அதற்குப் பெயர்.

அந்த அறையில் கை நீட்டாமல் உட்கார்ந்திருக்கும் தாயைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, இப்போது கைபேசியையும் காட்டி ஊட்டுகிறவர்கள் நாம். “ஒரே ஒரு வாய், கண்ணுல்ல” என்பதில் எவ்வளவோ அன்பிருக்கிறது. ஆனால் கவனம் தப்பிய நேரத்தில் வாய்க்குள் நுழைந்த கவளம், இந்தப் பிள்ளைக்கு இன்னொரு குழாய் மாதிரிதான். அடுத்த முறை உதடுகள் இன்னும் இறுகும்.

*

தயிரில் ஒரு விரல் படுவது. அந்த விரல் உதட்டுக்குப் போவது. ஓங்கரிப்பு வந்தும் அழாமல் திரும்ப ஒருமுறை தொடுவது. வாயில் வைத்ததைத் துப்புவதையும் முன்னேற்றத்தில் சேர்க்கிறேன். வேண்டாததை வெளியே தள்ள முடியும் என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து உள்ளே வைக்கும்.

இவை எதுவும் மில்லிலிட்டரில் வராது. இந்த அம்மாக்களின் நோட்டுப் புத்தகங்களிலோ முழுக்க மில்லிலிட்டர்தான்: காலை ஆறு மணிக்கு இவ்வளவு, ஒன்பதுக்கு இவ்வளவு, வாந்தியில் போனது இவ்வளவு. பிள்ளையின் உயிரை அந்த எண்களைப் பிடித்துக்கொண்டே காத்தவர்கள். எண்ணுவதை விடுங்கள் என்று அவர்களிடம் சொல்வது எளிதல்ல. “வெயிட் குறைஞ்சா என்ன பண்றது டாக்டர்?” என்ற கேள்வியில் பழைய இரவுகள் அத்தனையும் இருக்கின்றன. எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால்தான் குழாய் உணவைக் குறைப்பதை வீட்டில் தனியாகத் தொடங்கக் கூடாது. எவ்வளவு குறையலாம், எப்போது குழாய்க்குத் திரும்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்ல மருத்துவரும் விழுங்குதல் பயிற்சியாளரும் உடன் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், விழுங்குவது பாதுகாப்பானதா என்று தெரிய வேண்டும். சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வராமல் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து, ஓடும் எக்ஸ்ரே படத்தில் பார்த்தால் அது புலப்படும்.

*

அந்தப் படத்தைப் பார்த்தபின், வாய்வழி உணவே வேண்டாம் என்று முடிவாகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் குழாய்தான் சாப்பாடு. வீட்டார் சாப்பிட உட்காரும் நேரத்திலேயே அந்தப் பாலையும் கொடுக்கலாம். ரசம் கொதிக்கும் வாசனை, தட்டுச் சத்தம், அண்ணன் அப்பளத்துக்குப் போடும் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் போட வேண்டும்.