மறைப்பும் அருளே

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் எம் மனைக்கு வந்த பூனையொன்று நெற்குதிரின் பின்னே ஒடுங்கிற்று. பற்றியிழுத்து மடியிலிருத்துதல் அன்பாகுமோ? வைணவர் கூறும் மார்ச்சால நியாயத்துக் குட்டி தாய்வாய்க்கு இசைந்தது, இதுவோ அஞ்சுவது. ஆதலின் அம்மூலையை அதற்கே விட்டு, உணவும் நீரும் அருகே வைத்து, நோக்காதார்போல் இருந்தோம். உற்றுநோக்காது இமைகளை மெல்லக் குறுக்குவாரைப் பூனை அணுகுதல் மிகுமென 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆய்ந்துரைத்தனர்.

இது புறக்கணிப்பன்றோ எனின், அன்று. உணவு ஒருநாளும் தவறிற்றில்லை. மலம் பரிபாகமுறுமளவும் மறைந்துநின்று உதவும் திரோதான சத்தியைச் சித்தாந்தம் அருளென்றே கொள்ளும். ஆயின் இறைவன் பருவம் அறிவான். யாம் அறியேமாய்ப் பன்முறை குதிரருகே சென்று மீண்டோம்.

ஒன்பதாம் இரவு அது எம் காலருகே வந்தமர்ந்தது. யாம் ஏட்டினின்றும் கண்ணெடுத்திலேம்.