உறங்குமுன் ஒரு கணக்கு

வரவுக்குள் செலவை அடக்க வேண்டும் என்று உறுதி பூணுவது எளிது. அவ்வுறுதியில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பதே அரிது. இந்த உறுதி பெரும்பாலும் எங்கே தளர்கிறது?

1888-இல் சட்டம் பயில லண்டன் சென்ற இளைஞர் காந்தி, ஆங்கிலக் கனவானாக விளங்க விரும்பினார். விலையுயர்ந்த உடை, நடனப் பயிற்சி, வயலின் என்று பணம் கரைந்தது. ஏறத்தாழ மூன்று மாதங்களில் அந்த மோகம் தெளிந்தது. ஆயினும் மோகம் நீடித்த நாட்களிலேயே அவர் ஒன்றைக் கைவிடவில்லை. வண்டிக் கட்டணம், அஞ்சல் செலவு, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் குறித்து, உறங்குமுன் இருப்பைச் சரிபார்த்தார். பின்னர் செலவைப் பாதியாக்கத் துணிந்து, சிறிய இருப்பிடத்திற்கு மாறினார், நடந்தே சென்றார்.

காசை எண்ணுவது பொருட்பற்று ஆகாதா எனச் சிலர் வினவலாம். கருமி பொருளைக் காக்க எண்ணுகிறான். விவேகி தன் மனத்தை அறிய எண்ணுகிறான். ஏட்டில் பதிவது தொகை மட்டுமன்று, அன்றைய ஆசையும்தான்.

அளவு மீறிய நாளில் வெட்கம் ஏட்டை மூடிவிடச் சொல்கிறது. உறுதி தளர்வது செலவிட்ட பொழுதில் அன்று, அதை எழுதாமல் விட்ட இரவில்தான். தவறிய நாளின் கணக்கையும் மறைக்காமல் எழுதுபவன் மறுநாள் மீண்டும் தொடங்க இயலும்.

பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப்பணத்தைச் சிக்கனமாகக் கையாள உதவியது இப்பழக்கமே என்று காந்தியடிகள் தமது சுயசரிதையில் கூறுகிறார். தன் காசில் தனக்கு உண்மையாயிருக்கப் பழகியவரிடமே பிறர் காசும் பத்திரமாயிருக்கும்.