கருவியும் கருணையும்: வேட்டைத் துவக்கின் தெரிவு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

செயலொன்றின் நன்மை தீமையை ஆராயும் அறவியலாளர் பெரும்பாலும் மூன்று இடங்களிலே தம் நோக்கைச் செலுத்துவர். செய்வோனின் எண்ணம் ஒன்று. செயலின் இயல்பு மற்றொன்று. அதனால் விளையும் பயன் பிறிதொன்று. செயலுக்குத் துணைநிற்கும் கருவியை இம்மூன்றினுள்ளும் சேர்க்காது புறத்தே நிறுத்துவதே வழக்கம். கத்தி கனியையும் வெட்டும், கழுத்தையும் வெட்டும். ஆதலின் கருவிக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை என்பது பலர் ஏற்றுக்கொண்ட முடிபு. இம்முடிபு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சோதிப்பதற்கு வேட்டைத் துவக்கும் அதன் சன்னமும் தக்க எடுத்துக்காட்டுகளாகும். எந்தத் துவக்கு, எந்தச் சன்னம் என்று வேட்டைக்காரன் தெரிந்தெடுக்கும்பொழுது அது வெறும் தொழினுட்ப வினாவாகவே தோன்றுகின்றது. ஆயினும், ஓர் உயிருக்கு எத்தகைய மரணத்தை அளிப்பது என்பதும் அத்தெரிவிலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

இவ்வுண்மையை முதலில் உணர்ந்தவர்கள் வேட்டைக்காரர் அல்லர். போர்ச் சட்டங்களை வகுத்தோரே. 1868இல் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரிற் கூடிய அரசுகள், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் எறிபொருள்களைப் போரிற் பயன்படுத்துவதில்லை எனப் பிரகடனம் செய்தன. எதிரியின் படைவலிமையைக் குறைப்பதே போரின் முறையான நோக்கம். அதற்கு வீரனைச் செயலிழக்கச் செய்தலே போதும். வீணே வேதனையைப் பெருக்கும் ஆயுதம் அந்நோக்கத்தை மீறுவதாகும் என்பது அப்பிரகடனத்தின் அடிப்படை. இதே தர்க்கம் 1899இல் ஹேக் மாநாட்டிலே சன்னத்தின் வடிவத்துக்கும் விரிவாக்கப்பட்டது. உடலினுள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் சன்னங்கள் போரில் விலக்கப்பட்டன. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் உருவாக்கப்பட்டமையால் ‘டம்டம்’ எனப் பெயர்பெற்ற மென்முனைச் சன்னமே அவ்விலக்கின் உடனடிக் காரணமாகும். பிற்காலத்தில், 1998ஆம் ஆண்டின் உரோமச் சாசனம் நாடுகளுக்கிடையிலான போரில் இத்தகைய சன்னங்களைப் பயன்படுத்துவதைப் போர்க்குற்றங்களுள் ஒன்றாக வகுத்தது.

இனி வேட்டைச் சட்டங்களை நோக்குவோமாயின் நிலைமை தலைகீழாக இருப்பதைக் காணலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், றைபிளினால் மானைச் சுடுவோர் மென்முனை அல்லது குழிமுனைச் சன்னத்தையே பயன்படுத்த வேண்டும் என விதிக்கின்றது. போர்க்களத்திலே மனிதன்மீது பிரயோகிக்கக்கூடாதது, காட்டிலே மானின்மீது பிரயோகித்தே ஆகவேண்டியதாகின்றது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது முரண்பாடாகவோ, மனிதன் விலங்கினும் மேலானவன் என்ற எண்ணத்தின் வெளிப்பாடாகவோ தோன்றலாம். உண்மையில் இரு சட்டங்களும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை. அவசியமற்ற வேதனை தவிர்க்கப்பட வேண்டும் என்பதே அக்கொள்கை. காயமுற்ற வீரனுக்கு மருத்துவமனை உண்டு. அவன் பிழைப்பதற்கு இடமளிக்கும் சன்னமே இரக்கமுள்ள சன்னம். காயமுற்ற மானுக்கோ மருத்துவன் இல்லை. விரியாத சன்னம் அதன் உடலைத் துளைத்துச் செல்லுமாயின், அது பற்றைக்குள் ஓடி மறைந்து, நாட்கணக்கில் அழுகிச் சாக நேரிடும். அங்கே விரைவாகக் கொல்லும் சன்னமே இரக்கமுள்ள சன்னமாகின்றது. கருவி அறத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கும், அதன் அறம் யார்மீது, எந்நோக்குடன் பிரயோகிக்கப்படுகின்றது என்பதைச் சார்ந்தது என்பதற்கும் இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தர்க்கத்தினுள் ஓர் ஆபத்தும் உண்டு. ஹேக் மாநாட்டிலே விரியும் சன்னத்தின் விலக்கைப் பிரித்தானியப் பிரதிநிதி எதிர்த்தார். நாகரிகமடைந்த நாட்டின் வீரன் காயமுற்றால் பின்வாங்குவான், ‘காட்டுமிராண்டி’யோ காயத்தைப் பொருட்படுத்தாது மேலும் பாய்ந்து வருவான், ஆகவே அவனுக்கு வேறு சன்னம் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பிரித்தானியா 1907 வரை அவ்விலக்கை ஏற்கவில்லை. இந்தியாவின் வடமேற்கு எல்லையிலே தம் மண்ணுக்காகப் போரிட்ட மக்கள் இவ்வாதத்தினால் மனிதரின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டு, வேட்டை விலங்கின் வரிசையிலே வைக்கப்பட்டனர். ஆயுதத் தெரிவு பற்றிய நியாயங்களை ஆராயும்போது, எதிரே நிற்பவன் யாராகக் கருதப்படுகின்றான் என்ற வினாவை முதலிற் கேட்க வேண்டும் என்பதற்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையாகும். தற்காப்புக்கென வீட்டிலே துவக்கு வைத்திருக்க விரும்புவோனுக்கும் இவ்வினா பொருந்தும். அவன் இன்னும் கண்டறியாத ஒரு மனிதனின் உடலை எண்ணியே சன்னத்தைத் தெரிவு செய்கின்றான். வாங்கும் நாளிலே அவன் மனத்திலிருப்பவன் கள்வன். வைத்திருக்கும் நாட்களிலே அதன் அருகில் இருப்போரோ அவனுடைய பிள்ளைகளும், அவனுடைய சொந்தக் கோபமும் விரக்தியுமேயாவர். ஆகவே எதனை வாங்குவது என்பதற்கு முன், வாங்கத்தான் வேண்டுமா என்பதே அவனுடைய முதலாவது தெரிவாகும்.

மீண்டும் வேட்டைக்கு வருவோம். விரைவான மரணம் என்பது வேட்டைக்காரனின் முதற் கடமையாயின், அது அளவிடத்தக்க கடமையுமாகும். ஜேர்மனியின் வேட்டைச் சட்டம் 100 மீற்றர் தூரத்திலே சன்னத்துக்கு எஞ்சியிருக்க வேண்டிய ஆற்றலை விலங்கின் பருமனுக்கேற்ப வரையறுத்துள்ளது. சிறிய றோ மானுக்குக் குறைந்தது 1,000 யூல். ஏனைய குளம்புடைய வேட்டை விலங்குகளுக்குக் குறைந்தது 2,000 யூலும் 6.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சன்னமும் வேண்டும். சிதறிச் செல்லும் சிறுகுண்டுகளால் அவற்றைச் சுடுதல் விலக்கப்பட்டுள்ளது. எனினும் வலிமை மாத்திரமே அளவுகோலாகாது. வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிலே தைத்ததாகப் புறநானூற்றுப் பாடலொன்று வியந்து பாடுகின்றது. அன்று புலவன் வியந்த அவ்வாற்றலையே இன்றைய வேட்டைக்காரன் அஞ்சவேண்டியுள்ளது. குறித்த இலக்கையும் கடந்து செல்லும் சன்னம் அதற்கப்பால் எதனைத் தாக்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

நல்ல துவக்கு நல்ல வேட்டைக்காரனை ஆக்கிவிடும் என்பதும் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலே பணிபுரிந்த மேஜர் றொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகின்றது. அக்காலத்து அரசு யானையைப் பயிரழிக்கும் பிராணியாகக் கருதிக் கொன்றவருக்கு வெகுமதியும் அளித்தது. துவக்கின் திறமை அங்கே வேதனையைக் குறைப்பதற்கன்றி எண்ணிக்கையைப் பெருக்குவதற்கே உதவிற்று. இதனைக் கண்டு, விலங்குக்கும் வாய்ப்பளிக்கும்பொருட்டு வில்லையோ பழைய இடியன் துவக்கையோ ஏந்துதலே நேர்மையானது என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் ஒரு மயக்கம் உண்டு. நேர்மை என்பது போட்டிக்கு இசைந்தவர்களுக்கிடையே நிலவும் பண்பு. விலங்கு எப்போட்டிக்கும் இசையவில்லை. அதற்கு அளிக்கப்படும் ‘வாய்ப்பு’ பல வேளைகளிலே காயத்துடன் தப்பியோடும் வாய்ப்பேயாகும். வேட்டைக்காரன் தன்னைக் கட்டுப்படுத்த விரும்பின் ஆயுதத்தைப் பலவீனமாக்குதல் முறையன்று. தூரத்தைக் குறைத்தலும், எண்ணிக்கையைக் குறைத்தலும், ஐயம் தோன்றுமிடத்துச் சுடாது விடுதலுமே முறையாகும்.

ஐயுற்று நிறுத்தும் இவ்வாற்றல் அற்ற கருவி ஒன்றுண்டு. அதுவே இலங்கையின் உலர்வலயக் காடுகளிலே விலங்கு நடமாடும் தடங்களிற் கட்டப்படும் கட்டுத்துவக்கு. குறுக்கே இழுத்த கம்பியிலே கால் பட்டதும் அது வெடிக்கும். அந்தக் கால் பன்றியினதா, மரையினதா, யானைக் கன்றினதா, விறகு பொறுக்கச் சென்ற மனிதனதா என்பதை அது அறியாது. பன்றிக்கென இரைக்குள் வைக்கப்படும் ஹக்கபட்டாசும் அத்தகையதே. அதனைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் உண்ணவியலாது பட்டினியால் மடிகின்றன. பயிரை இழந்த கமக்காரனின் வறுமையை மறந்து இக்கருவிகளைக் கண்டித்தல் எளிது. அவனுடைய நட்டத்துக்குப் பரிகாரம் காணாத சமுதாயமும் அக்குற்றத்திற் பங்குடையதே. ஆயினும், கொல்லும் கணத்திலே கொல்பவன் அங்கு இல்லாதிருத்தல் என்பது கருவியின் குறைபாடு மாத்திரமன்று, பொறுப்பையே துறத்தலாகும்.

பொறுப்பு சுட்ட கணத்தோடு முடிவதுமில்லை. ஈயச் சன்னம் உடலினுட் சிதறும்போது அதன் நுண்துகள்கள் இறைச்சியிலும் காட்டில் விடப்படும் குடலிலும் தங்குகின்றன. அவற்றை உண்ணும் பறவைகள் நஞ்சேறி மடிகின்றன. 1982இல் 22 பறவைகளாகக் குறைந்திருந்த கலிபோர்னியக் கொண்டோர் கழுகுகளை மீளக் காட்டில் விட்ட பின்னரும் அவற்றின் இறப்புக்கு ஈய நஞ்சே தலையாய காரணமாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளை 1991இல் நாடெங்கும் தடை செய்தன. டென்மார்க் 1996இல் ஈயச் சிறுகுண்டுகளை முற்றாக விலக்கிற்று. கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயமற்ற சன்னமே பயன்படுத்தப்பட வேண்டும். உருக்குக் குண்டு ஈயத்தினும் அடர்த்தி குறைந்தது. அதன் வேகம் விரைவிற் குன்றும். ஆகவே அதனைப் பயன்படுத்துவோன் இலக்கை மேலும் அணுகியே சுடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கழுகுக்காகத் தன் வசதியிலொன்றை இழத்தல் அறத்தின் நல்லதொரு பயிற்சியேயாகும்.

கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் இங்கு ஒரு தடையை எழுப்பக்கூடும். கொலையே தீதாயின், கொல்லும் கருவியின் நன்மை தீமையை ஆராய்ந்து பயனென்ன என்பர். இத்தடை வலிமையானது. நல்ல சன்னம் கொலையை அறமாக்கிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், தவறென ஒருவர் கருதும் செயலினுள்ளும் கொடுமையின் அளவுகள் உண்டு. அவற்றை வேறுபடுத்தாது விடுவோமாயின் கொல்லாதவனின் தூய்மை காக்கப்படலாம். காயமுற்ற விலங்கின் வேதனை குறையாது. விசையை இழுக்கும் கணத்திலே சிந்திப்பதற்கு அவகாசமில்லை. சிந்தனைக்கு இடமுள்ளது கருவியைத் தெரியும் அமைதியான வேளையிலேயே. இலக்கை இனங்காணும் மனிதன் அதன் பின்னே நிற்கின்றானா, மரணம் விரைவில் நேருமா, அதன்பின் நஞ்சு எஞ்சுமா என்னும் மூன்று வினாக்களையும் அவ்வேளையிற் கேட்பவன், சிலவேளை துவக்கை எடுக்காமலே திரும்பவும் கூடும். அத்திரும்புதலும் கருவித் தெரிவின் ஒரு வகையே என்பதை அறவியல் ஏற்றுக்கொள்ளும்.